இரவல் தருவதற்கல்ல

கல்லூரி நூலகத்தில் சில புத்தகங்களின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முத்திரை இருக்கும்: இரவல் தருவதற்கல்ல. கலைக்களஞ்சியம், அகராதி, வாழ்க்கை வரலாற்றுத் தொகுதி, ஆய்வுக் கையேடு, நூல்விவரப் பட்டியல் எல்லாம் இந்த வகை. தமிழில் குறிப்புதவி நூல் என்றும் பார்வை நூல் என்றும் சொல்கிறார்கள். மாணவிகள் வாயில் ரெஃபரன்ஸ். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாரும் இவற்றை வாசிப்பதில்லை. அதனால் இவற்றோடு யாரும் சண்டைக்குப் போவதும் இல்லை. நாவலில் பெண் எப்படி வருகிறாள் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். சினிமாவை விட்டுவைக்கவில்லை, சோப்பு விளம்பரத்தை விட்டுவைக்கவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியை மட்டும் தூசி தட்டக்கூட நெருங்காமல் விட்டுவிட்டோம். நாவலாசிரியனுக்குப் பார்வை உண்டு, அகராதிக்குக் கிடையாது என்று நம்ப வைத்திருக்கிறார்கள்.

புதிய குறிப்புதவி நூல்கள் கல்லூரிக்குள் எப்படி நுழைகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் அது திரும்பிப் போய்விடும். விற்பனையாளர் ஒரு பட்டியலோடும் நான்கைந்து அட்டைப் பெட்டிகளோடும் வந்து இறங்குவார். துறைத் தலைவர்கள் வந்து புரட்டிப் பார்த்து டிக் அடிப்பார்கள். நாக் குழு வரவிருக்கும் வருடம் என்றால் பெட்டிகளின் எண்ணிக்கை கூடும். நான் வேலை பார்த்த ஒரு பெண்கள் கல்லூரியில் மேலாண்மைக் கலைக்களஞ்சியம் ஏற்கெனவே ஒன்று இருக்க, இன்னொரு பதிப்பகத்தின் மேலாண்மைக் கலைக்களஞ்சியத்துக்கும் டிக் விழுந்தது. பெண்ணியக் கலைக்களஞ்சியம் ஒன்றை வாங்கலாமே என்று கேட்டேன். “அதை விமன் ஸ்டடீஸ் சென்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளட்டும் மேடம், இது பொது அலமாரி” என்றார் குழுவில் ஒருவர். அந்த மையத்தின் ஆண்டுக் கணக்கில் மார்ச் 8 கோலப்போட்டிக்குப் பரிசுப் பாத்திரம் வாங்கவே பணம் பத்தாது. வகுப்பறை முழுக்கப் பெண்கள், விடுதி முழுக்கப் பெண்கள், கட்டணம் கட்டியது அத்தனையும் பெண்களின் வீடுகள். அங்கேயும் பெண் என்பது பொது அல்ல.

அந்த ‘பொது’ என்ற சொல்தான் என் பிரச்சினை. அலமாரிக்குள் இருப்பது உலக அறிவு, வெளியே இருப்பது தனிப்பட்டவர்களின் புலம்பல் என்று அது பிரித்து வைக்கிறது. பிரித்து வைப்பது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு வழக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் தஞ்சாவூர். மராட்டிய மன்னன் பிரதாபசிம்மனின் அரசவையில் முத்துப்பழனி என்ற கணிகையர் மரபுப் பெண் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்று ஒரு காவியம் எழுதினாள். கிருஷ்ணனின் ஆசையைப் பாடியவர்கள் ஆயிரம் பேர் இருக்க, இவள் ராதையின் ஆசையையும் கோபத்தையும் நடுவில் வைத்தாள். காவியத்தின் முன்பகுதியில் தன் பாட்டி வழியாகத் தன் மரபைச் சொல்லிக்கொண்டாள். நூறு வருடம் கழித்து, 1887இல் அது அச்சில் வந்தபோது அந்த மரபுப் பகுதி இல்லை. பல பாடல்களும் இல்லை. பதிப்பித்தவர் வெட்டிவிட்டார்.

அடுத்து வந்தது ஒரு குறிப்புதவி நூல். கந்துகூரி வீரேசலிங்கத்தின் ‘ஆந்திர கவுல சரித்திரமு’, தெலுங்குக் கவிஞர்களின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதி. விதவை மறுமணத்துக்காக ஊர்ப்பகை தேடிக்கொண்ட மனிதர் அவர். பெண் கல்விக்காகப் பள்ளி நடத்தியவர். அவருடைய தொகுதியில் முத்துப்பழனிக்கு இடம் இருந்தது. ஆனால் அவள் ஒழுக்கத்தைப் பழித்து, அவள் கவிதையில் பெண்கள் காதில் விழக்கூடாத பகுதிகள் உண்டென்று தீர்ப்பெழுதிய இடம் அது. இனி தெலுங்கு இலக்கியம் படிக்கும் மாணவன் முத்துப்பழனி யார் என்று தேடினால் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் பார்ப்பான். மூலத்தைத் தேடிப் போகும் வேலை மிச்சம்.

ஒரு பெண் தேடிப் போனாள். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பியவர் என்று நமக்குத் தெரிந்தவர், அவரும் தேவதாசி மரபில் வந்தவர். மூல ஏட்டைத் தேடிப் பிடித்து, 1887 பதிப்போடு ஒப்பிட்டு, வெட்டப்பட்டவற்றைத் திரும்பச் சேர்த்து, 1910இல் சென்னை வாவிள்ள பதிப்பகத்தின் வழியாக முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார். இதைவிடப் பச்சையாக எழுதிய ஆண் கவிஞர்களைப் பண்டிதர்கள் கொண்டாடுகிறார்களே, அப்போது எங்கே போயிற்று உங்கள் ஒழுக்கம் என்று கேட்டார். கேள்விக்குப் பதில் வரவில்லை, தடை வந்தது. ஆபாசம் என்று சொல்லி பிரிட்டிஷ் அரசு பிரதிகளைக் கைப்பற்றியது. பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த 1946-47 காலத்தில்தான் தடை நீங்கியது.

இவ்வளவும் இன்று நமக்கு எப்படித் தெரியும்? இன்னொரு குறிப்புதவி நூலால். சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த ‘விமன் ரைட்டிங் இன் இந்தியா’ இரண்டு தொகுதிகளாக 1991இலும் 1993இலும் நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ் வெளியீடாக வந்தது. புத்த பிக்குணிகளின் பாடல்களில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு, ஒரு மாதிரிப் படைப்பு. அதன் அறிமுகவுரை முத்துப்பழனி, நாகரத்தினம்மாள் கதையில்தான் தொடங்குகிறது. ஒரு தொகுதி அவளைப் பழித்து மூடியது, இன்னொரு தொகுதி திறந்தது. இதனால்தான் எந்தத் தொகுதியை வாங்குகிறோம் என்பது விற்பனையாளர் தரும் கழிவைப் பொறுத்த விஷயம் அல்ல என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

புத்தகத்தை வாங்கியபிறகு அதற்கு ஓர் எண் போட வேண்டும். நம் கல்லூரிகளில் பெரும்பாலானவை டூயி தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. இதை உருவாக்கிய மெல்வில் டூயி, பெண்களைப் பற்றிய நூல்களுக்குக் கொடுத்த எண் 396. அந்த எண்ணின் அக்கம்பக்கத்தைக் கவனியுங்கள். 390 என்பது பழக்கவழக்கங்கள். 391 உடை. 395 நாகரிக நடத்தை, அதாவது விருந்தில் கரண்டியை எப்படிப் பிடிப்பது போன்றவை. 396 பெண்களின் நிலை. 397 நாடோடிகளும் ஒதுக்கப்பட்ட இனங்களும். 398 நாட்டார் கதை. இரண்டு பக்கமும் யாரை வைத்து நடுவில் நம்மை உட்கார வைத்திருக்கிறார் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்த நாடோடிகளால் நமக்கு ஒரு குறைவும் இல்லை. எங்களையெல்லாம் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. இப்போது பெண்களுக்கான எண் 305.4, சமூகக் குழுக்களுக்கு நடுவில். இந்த இடமாற்றம் நடக்க 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ஆயிற்று. டூயியின் நடத்தையும் அவர் பகுப்பைப் போலத்தான். 1905இல் அமெரிக்க நூலகச் சங்கத்தினர் அலாஸ்காவுக்குச் சுற்றுலா போனபோது பெண் நூலகர்களிடம் அத்துமீறினார் என்று புகார் எழுந்தது. தன் பெயரில் வழங்கிவந்த பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கச் சங்கம் முடிவுசெய்தது 2019இல். நூற்றுப் பதினான்கு ஆண்டுகள். நம்மூர் விசாகா கமிட்டிகளே பரவாயில்லை என்று தோன்றும்.

இதே டூயி 1887இல் கொலம்பியாவில் நூலகப் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்த பெண் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பாள் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. குறிப்புதவி நூல்களைத் தேர்ந்து மதிப்பிடும் கலையே அப்படி வந்த பெண்கள் உருவாக்கியதுதான் என்பதை எத்தனை நூலகவியல் வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள்? 1902இல் ஆலிஸ் பெர்தா க்ரோகர் குறிப்புதவி நூல்களுக்கான வழிகாட்டியை முதன்முதலில் தொகுத்தார். அவர் இறந்தபின் கொலம்பியாவின் இசடோர் மட்ஜ் அந்தப் பொறுப்பை எடுத்துப் பதிப்புப் பதிப்பாகப் பெருக்கினார். அவருக்குப் பின் கான்ஸ்டன்ஸ் வின்செல். கல்லூரி நூலகர்களுக்கான இதழில் புதிய குறிப்புதவி நூல்களை ஆண்டுக்கு இருமுறை சலித்துப் பட்டியல் போட்டவரும் இவர்தான். எது தேறும், எது தேறாது, எந்த அகராதியின் புதிய பதிப்பு பழையதன் மறு அச்சு மட்டும் என்று இரண்டு வரியில் போட்டு உடைப்பது அந்தப் பட்டியலின் வேலை. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் கல்லூரி நூலகங்கள் எதை வாங்கின என்பதில் இந்த மூன்று பெண்களின் பென்சில் குறி இருக்கிறது. அடுக்குவதும் துடைப்பதும் தேடி எடுத்துக் கொடுப்பதும் பெண் வேலை. உள்ளே யார் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் வேறு யாரோ செய்த முடிவு.

உள்ளே யார் பெயர் இருந்தது? பிரிட்டானிக்காவின் முதல் பதிப்பு, 1768 முதல் 1771 வரை வந்தது, பெண் என்ற தலைப்புச் சொல்லை ஆணுக்குப் பெண்பால் என்ற அளவில் முடித்துவிட்டு, மேலே வேண்டுமானால் மனிதன் பற்றிய பகுதிக்குப் போ என்று அனுப்பிவிட்டது. 1885இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதன் முதல் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீபன். அவருடைய மகள்தான் வர்ஜீனியா வுல்ஃப். அப்பா நாட்டின் பெரிய மனிதர்களைப் பட்டியல் போட்டார். மகள், கூட ஒரு பேராசிரியரோ அறிமுகக் கடிதமோ இல்லாமல் பல்கலைக்கழக நூலகத்துக்குள் பெண் நுழைய முடியாததைப் பற்றி எழுதினாள். 2004இல் புதுப்பித்து வந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில்கூடப் பெண்கள் நூற்றுக்குப் பத்து அளவில்தான். அமெரிக்காவில் இதே குறையைக் கண்டு சலித்துப்போய்த்தான் 1971இல் ‘நோட்டபிள் அமெரிக்கன் விமன்’ என்று 1,359 பெண்களின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளில் தனியாகத் தொகுத்தார்கள்.

அதெல்லாம் பழங்கதை, இப்போது விக்கிப்பீடியா காலம் என்பீர்கள். 2018 மே மாதம் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு ஒரு வரைவுக் கட்டுரை போயிற்று. போதுமான ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். இயற்பியலுக்கு அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். ஆதாரம் இல்லை என்பதன் பொருளைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றி ஏற்கெனவே அச்சான நூல்கள் எழுதவில்லை என்றால், புதிய கலைக்களஞ்சியத்திலும் அவளுக்கு இடமில்லை. பழைய அலமாரியின் ஓட்டை புதிய அலமாரிக்குச் சீதனமாகப் போகிறது.

நம் மொழிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வந்தது. பெரும் உழைப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தினமும் கையில் எடுக்கிறேன். ‘பேதை’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். அறிவில்லாதவர் என்றும் பொருள், பெண் என்றும் பொருள், ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமி என்றும் பொருள். பேதையில் தொடங்கி பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று நம் உடம்பை வயது வயதாக அளந்துகொண்டே வரும் பழைய பட்டியல், 32 முதல் 40 வரை பேரிளம்பெண் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. 41 வயதுக்காரிக்குச் சொல் இல்லை. அகராதி வழக்கில் இருந்ததைத்தானே பதிவு செய்தது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். யாருடைய வழக்கு? களையெடுப்பில், மகப்பேற்றில், மாதவிலக்கில், அடுப்படியில் பெண்கள் தங்களுக்குள் பேசிய சொற்களைக் கேட்டுப் பதிவு செய்ய லெக்சிகன் யாரை அனுப்பியது? நிகண்டும் உரையும் சொன்னதுதான் வழக்கு என்றால் அது புலவர் வழக்கு. அப்படி அட்டையிலேயே எழுதிவிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பெண்ணியத் துறையில் நல்ல குறிப்புதவி நூல்கள் வராமல் இல்லை. செரிஸ் கிராமரேவும் டேல் ஸ்பெண்டரும் பதிப்பித்த நான்கு தொகுதிப் பெண்கள் கலைக்களஞ்சியம் 2000இல் ரௌட்லெட்ஜ் வெளியிட்டது. நான்சி நேப்பிள்ஸ் பதிப்பித்த ஐந்து தொகுதிப் பாலினக் கலைக்களஞ்சியம் 2016இல் வந்தது. லீலா ஃபெர்னாண்டஸ் பதிப்பித்த தெற்காசியப் பாலினக் கையேடு 2014இல். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். இந்த வகைக் கையேடு ஒன்றின் கெட்டி அட்டைப் பதிப்பே இருபதாயிரம் ரூபாயைத் தொடும். ஐந்து தொகுதி என்றால் சிறிய கல்லூரியின் வருடப் புத்தகப் பணம் மொத்தமும் போய்விடும். கூலி உயர்வுக்காகப் போராடிய பீடித் தொழிலாளியைப் பற்றிய கட்டுரை இருபதாயிரம் ரூபாய்க் கூண்டுக்குள். இன்னொரு தந்திரமும் உண்டு. ‘பொது’க் கையேடுகளில் முப்பது இயல் இருந்தால் கடைசிக்கு முந்தைய இயல் பாலினம். பொருளாதாரமோ சட்டமோ வரலாறோ, இருபத்தெட்டு இயல்களில் பெண்ணே இல்லாமல் நடந்து முடிந்திருக்கும்; பிறகு ஒரு இயலில் மொத்தமாக வந்து போவாள். வாங்கும் குழு அந்த இயலைக் காட்டி, இதிலேயே பெண் இருக்கிறாளே, தனியாக எதற்கு என்று கேட்கும். கேட்டிருக்கிறது.

சரி, சண்டை போட்டு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பூட்டு. நூலகர் கஞ்சத்தனத்தால் பூட்டுகிறார் என்று மாணவிகள் நினைக்கிறார்கள். நானும் நூலகர்தான், உள்ளே இருக்கும் விதியைச் சொல்கிறேன். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களுக்கானது. ஒரு வருடத்தில் இரவல் போன, எடுத்துப் பார்த்த ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்று அந்த விதியே ஒத்துக்கொள்கிறது. நல்ல விதி. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல் தொலைந்தால் கட்டாயம் விசாரணை என்கிறது. இன்று எந்தக் குறிப்புதவி நூல் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வருகிறது? மாநிலக் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல, ஆனாலும் அதன் பயம் எங்கும் பரவியிருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் இருப்புச் சரிபார்ப்பில் நூல் குறைந்தால் பணப் பலனில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். நூலகர்களில் கணிசமானோர் பெண்கள், அவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். மாதம் சில ஆயிரம் வாங்குகிறவள் இருபதாயிரம் ரூபாய்ப் புத்தகத்தைத் திறந்த அலமாரியில் எப்படி வைப்பாள்? எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்ததை அங்கே அவர் கதையாகச் சொல்கிறார். இரண்டாவது விதியை விளக்கும்போது பெண்ணுக்கும் அவளுக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்று வாதாடுகிறார். நூலகர் தினம் அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போட்ட கையில் அலமாரிச் சாவி.

பூட்டைத் திறந்தாலும் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்புதவி நூலை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நூலகம் ஒன்பதரைக்குத் திறந்து ஐந்துக்கு மூடும். அதே நேரத்தில்தான் வகுப்பும். வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு நாலேகாலுக்குக் கல்லூரிப் பேருந்து. விடுதிப் பெண்ணுக்கு ஆறு மணிக்கு வருகைப் பதிவு. மிச்சம் மதியச் சாப்பாட்டு நேரம், அதில் வரிசையில் நின்று சாப்பிட்டது போக இருபது நிமிடம். ஆண் மாணவன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருக்கலாம். அந்த நூலகங்கள் பெண்களுக்கும் திறந்தவைதான். விடுதி வாசல்தான் மூடியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாத புத்தகமும், வீட்டுக்குப் போயே ஆக வேண்டிய பெண்ணும். இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத் தெரியும். சேர்த்து வைத்துப் பாருங்கள்: அந்த நூல் அவளுக்காக வாங்கப்படவே இல்லை.

2015இல் டெல்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’, கூண்டை உடை, என்று மாணவிகள் கிளம்பியபோது நூலக நேரமும் அவர்கள் கேள்விகளில் ஒன்று. ஊர் சுற்ற அலைகிறார்கள் என்று சொன்னவர்கள் அந்தக் கேள்வியை மட்டும் கேட்காததுபோல் இருந்துகொண்டார்கள். 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். ஊர் சுற்றினால் என்ன தப்பு என்பது தனிக் கட்டுரை, அதை இன்னொருத்தி எழுதட்டும்.

“எதற்கு அலமாரி, எல்லாம் போனில் இருக்கிறதே” என்று முதல்வர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். போன் யார் கையில் இருக்கிறது? கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை, அதாவது படிக்கும் நேரத்தில், போனை ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுத்த ஃபஹீமா ஷிரின் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. எத்தனை தமிழ்நாட்டு விடுதி வார்டன்களுக்கு அந்தத் தீர்ப்பு தெரியும்? மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கும். நல்லது. ஆனால் முதல் கட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. நம் பெண்களில் பெரும் பகுதி படிக்கும் சுயநிதிக் கல்லூரிக்கு அல்ல. அது இதழ்களுக்கான பணம், கலைக்களஞ்சியத்துக்கும் அகராதிக்கும் அல்ல. தமிழில் ஒரு வரி கிடையாது. மற்றபடி கூகுளும் சாட்பாட்டும் சொல்வது எங்கிருந்து வருகிறது? ஏற்கெனவே எழுதி வைத்ததிலிருந்து. ஸ்ட்ரிக்லண்டுக்கு நடந்ததை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக நம் வீட்டுக் குப்பை. தமிழில் பெண்ணிய நூல்கள் முந்நூறு பிரதி அச்சாகின்றன. அவற்றில் எத்தனையில் பின்னால் சொல்லடைவு இருக்கிறது? பெயரடைவு? நூற்பட்டியல்? கவிதைத் தொகுப்புக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். இருநூறு பெண்களின் பெயர் வரும் வரலாற்றுக் கட்டுரை நூலிலும் இருப்பதில்லை. பக்கம் கூடும், காகிதச் செலவு கூடும் என்று பதிப்பாளர் தோழர் சொல்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு அட்டைப் படத்துக்கு ஓவியரைத் தேடுகிறோம். பாரதி ஆசிரியராக இருந்த ‘சக்கரவர்த்தினி’ 1905இல் வந்தது, கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’ 1920களில். இடையிலும் பின்னும் வந்த பெண்கள் இதழ்கள் எந்தெந்த நூலகத்தில் எந்தெந்த இதழெண் வரை இருக்கின்றன என்று ஒரே இடத்தில் பார்க்க ஒரு கூட்டுப் பட்டியல் மாணவியின் கையில் இல்லை. ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் நடந்து நடந்து ஒவ்வொரு ஆய்வு மாணவியும் அதே பட்டியலைத் தன் நோட்டில் புதிதாக எழுதுகிறாள். பட்டம் வாங்கியதும் நோட்டு பரணுக்குப் போகிறது.

பெயரே பெரிய சிக்கல். வை.மு. கோதைநாயகி நூற்றுப் பதினைந்து நாவல் எழுதினார். முன்னால் நிற்கும் வை.மு. புகுந்த வீட்டுப் பெயர். அம்பையின் கதைகள் ‘அ’ வரிசையில் இருக்கும், அவரே சி.எஸ். லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய 1984ஆம் வருட ஆய்வு நூல் ஆங்கில வரிசையில் வேறெங்கோ இருக்கும். இரண்டும் ஒருத்திதான் என்று ‘காண்க’ போட ஒரு சிறு அட்டை போதும். அந்த அட்டையை எழுத ஒருத்தி வேண்டும். அவரும் நீரா தேசாயும் மைத்ரேயி கிருஷ்ணராஜும் சேர்ந்து 1988இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியபோது செய்தது அடிப்படையில் இந்த வேலையைத்தான்: பெண்களின் குரலையும் படத்தையும் கடிதத்தையும் வாங்கி, எண் போட்டு, தேடினால் கிடைக்கும்படி வைப்பது. கவர்ச்சியில்லாத வேலை. மேடையில் கைதட்டல் கிடைக்காது.

இதை வாசிக்கும் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு விஷயம். பெரும்பாலான நூலகங்களில் பரிந்துரைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும், வாசல் மேஜையில் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் கிடக்கும். கொள்முதல் குழு கூடும்போது நூலகர் அதைக் கொண்டுபோக வேண்டும். அதில் யாரும் எழுதவில்லை என்பதுதான் குழுவில் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில். ஜனவரி முடிவதற்குள் எழுதுங்கள். நூலின் பெயர், பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன் எல்லாம் முழுதாக இருக்கட்டும். அரைகுறையாக இருந்தால் கிடைக்கவில்லை என்று அடித்துவிடுவார்கள். மலிவுப் பதிப்போ இந்தியப் பதிப்போ இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். பெண்ணியம் என்ற சொல்லைப் போடாதீர்கள், ‘பொது அலமாரிக்கு’ என்று போடுங்கள். கூடவே இரவு நேரத்துக்குக் குறிப்புதவி நூலை விடுதிக்கு இரவல் கொடுத்து காலை ஒன்பதுக்குத் திரும்ப வாங்கும் முறை வேண்டும் என்று தனியாக ஒரு மனு கொடுங்கள். பல ஊர்களில் நடைமுறையில் இருக்கும் முறை அது, நூலகர்களுக்குத் தெரியும். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வகுப்பே போடட்டும்.